நாணம் என்றொரு விலங்கியல் சொல்

தொல்காப்பியக் களவியலை நடத்தும்போது ஒவ்வோராண்டும் ஓரிடத்தில் என் குரல் தயங்கும். அச்சமும் நாணமும் மடமும் பெண்ணிடம் எப்போதும் முன்னிற்பவை என்று சொல்லும் இடம் அது. உரையாசிரியர்கள் சொன்னதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். ஒருமுறை பொதுத்தமிழ் வகுப்பில் விலங்கியல் மாணவி ஒருத்தி எழுந்தாள். "அம்மா, இதையேதான் எங்க பாடத்துலயும் சொல்றாங்க. பெண் விலங்கு கூச்சப்படும், ஆண் விலங்கு தேடிப் போகும்னு."

எனக்குப் பதில் வரவில்லை. இலக்கணம் மனிதர் எழுதியது, அதோடு வாதாடலாம். இயற்கையோடு எப்படி வாதாடுவது? அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நான் படித்துத் தெரிந்த வரலாறு இது.

1871இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் சார்லஸ் டார்வின், மிக அரிதான விலக்குகள் தவிர, பெண் விலங்கு ஆணைவிட வேட்கை குறைந்தது என்றார். அதற்கு அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கினால் நாணம் என்றுதான் வரும். விக்டோரியா காலத்து வரவேற்பறையிலிருந்த பெண் அப்படியே காட்டுக்குள் போய்விட்டாள். நான்காண்டுகளில் இதற்கு மறுப்பு வந்தது. எழுதியவர் அமெரிக்காவில் 1853லேயே திருச்சபைப் போதகராகப் பொறுப்பேற்ற அந்துவானெத் பிரவுன் பிளாக்வெல். அவர் தம் முந்தைய நூலை டார்வினுக்கு அனுப்பியிருந்தார். நன்றி சொல்லி வந்த கடிதம் அவரை 'ஐயா' என்று விளித்தது. இத்தகைய நூலை ஒரு பெண் எழுதியிருக்கலாம் என்று டார்வினுக்குத் தோன்றவில்லை.

1948இல் ஆங்கஸ் பேட்மேன் பழ ஈக்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கூடும் துணைகள் கூடக்கூட ஆணுக்குச் சந்ததி பெருகும், பெண்ணுக்கு அதனால் பயனில்லை என்பது முடிவு. பல பத்தாண்டுகள் பாடநூல்களில் அது விதியாக நின்றது. 2012இல் பாட்ரீசியா கோவாட்டியும் அவர் குழுவினரும் அதே முறையில் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். பெற்றோரை அடையாளம் காண பேட்மேன் நம்பியிருந்தது கண்ணுக்குத் தெரியும் மரபுக் குறைகளை. தாயின் குறையும் தந்தையின் குறையும் சேர்ந்து வாய்த்த குஞ்சுகளில் பல எண்ணப்படும் முன்பே செத்துப்போயிருந்தன. கணக்கு அடிப்படையிலேயே சாய்ந்திருந்தது.

இடையில் இரண்டு திறப்புகள் நிகழ்ந்தன. 1970இல் ஜெஃப் பார்க்கர், ஒரே பெண்ணின் உடலுக்குள் பல ஆண்களின் விந்தணுக்கள் போட்டியிடுகின்றன என்று பூச்சிகளை வைத்து விளக்கினார். ராஜஸ்தானின் அபு மலையில் மந்திக் குரங்குகளைப் பின்தொடர்ந்த சாரா ஹர்டி, பெண் குரங்குகள் பல ஆண்களைத் தாமே நாடிப் போவதைப் பதிவுசெய்தார். நாணும் பெண் என்பது ஒரு தொன்மக் கதை என்று 1986இல் கட்டுரையாகவே எழுதினார்.

இந்த வழக்கில் என்னை மிகவும் ஈர்த்த சாட்சி வௌவால்.

குளிர்நாட்டு வௌவால்கள் பல இலையுதிர் காலத்தில் கூடுகின்றன. ஆனால் உடனே கருவுறுவதில்லை. பெண் தன் கருப்பைக்குள் விந்தணுக்களைக் குளிர்காலம் முழுதும் உயிரோடு காத்து, வசந்தத்தில் முட்டை வெளிவந்த பிறகே கருத்தரிக்கிறது. சில இனங்களில் இந்தக் காவல் ஆறு மாதத்தையும் தாண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுடன் கூடியிருந்தால், போட்டி நடக்கும் களம் அவள் உடல்தான்.

அந்தக் களம் ஆணின் உடலை எப்படி மாற்றியது? ஸ்காட் பிட்னிக், கேட் ஜோன்ஸ், ஜெரால்ட் வில்கின்சன் மூவரும் 334 வௌவால் இனங்களை ஒப்பிட்டு 2006இல் எழுதினார்கள். விதைப்பையின் எடை சில இனங்களில் உடல் எடையில் 0.12 விழுக்காடு, சிலவற்றில் 8.4 விழுக்காடு வரை. அறுபது கிலோ மனிதனுக்கு இது ஐந்து கிலோ. பெண்கள் பல ஆண்களோடு கூடும் இனங்களில் விதைப்பை பெரிது, மூளை ஒப்பளவில் சிறிது. இரண்டுமே ஆற்றலை விழுங்கும் உறுப்புகள், ஒன்றுக்குக் கூட்டினால் மற்றதில் குறையும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஆய்வில் சிரிப்புக்கு அப்பால் ஒரு வரி உண்டு. ஆண் பலரை நாடியதா இல்லையா என்பது மூளை அளவில் வேறுபாடு எதையும் காட்டவில்லை. பெண்ணின் நடத்தையோடுதான் அது பொருந்தி வந்தது. மூளைக் கணக்கு பிற பாலூட்டிகளுக்கும் பொதுவிதியாக நிற்கவில்லை என்று பிந்தைய ஒப்பீடுகள் காட்டின. ஆனாலும் வாக்கியத்தின் எழுவாய் மாறிவிட்டது. செயப்படுபொருளாக இருந்தவள் எழுவாயாகிவிட்டாள்.

ஆப்பிரிக்கச் சுத்தியல்தலை வௌவாலும் அப்படித்தான். ஆற்றோர மரங்களில் ஆண்கள் வரிசையாகத் தொங்கிக் கத்த, பெண்கள் பறந்து வந்து கேட்டுத் தேர்கின்றன. காபோன் நாட்டில் இதைக் கவனித்த ஜாக் பிராட்பரி, ஆண்களில் 6 விழுக்காட்டினரே 79 விழுக்காடு கூடல்களைப் பெற்றதாக 1977இல் எழுதினார். ஆணின் எடை பெண்ணின் எடையைப்போல ஏறக்குறைய இருமடங்கு. அதன் மார்புக்கூட்டை நிறைத்திருப்பது குரல்வளை. பெண்ணின் காது ஆணின் உடலைச் செதுக்கியிருக்கிறது.

இருந்தும் சொற்கள் மாறவில்லை. ஓர் ஆணைச் சுற்றிப் பல பெண்கள் தங்கினால் விலங்கியலார் அதை 'அந்தப்புரம்' என்றே குறிக்கிறார்கள். மத்திய, தென் அமெரிக்காவின் பைச்சிறகு வௌவாலுக்கும் அதே பெயர். அங்கே பெண் ஆணைவிடப் பெரியது. 1999இல் மரபணுவை வைத்துப் பார்த்தபோது, ஓர் 'அந்தப்புரத்தில்' பிறந்த குட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கே அந்த ஆண் தந்தை. மீதிக் குட்டிகளைப் பற்றி அந்தச் சொல் வாய்திறப்பதில்லை.

இதனால் வௌவாலைப் பெண்விடுதலையின் கொடியில் ஏற்றிவிட எனக்கு விருப்பமில்லை. வட அமெரிக்கச் சிறுபழுப்பு வௌவால்களில், குளிருறக்கத்தில் விறைத்துக் கிடக்கும் பெண்களோடும் ஆண்கள் கூடுகின்றன. இயற்கையிலிருந்து அறம் எடுக்கலாம் என்றால் இதையும் எடுக்க வேண்டிவரும். இயற்கையின் பெயரால் நம்மேல் விதி செய்தவர்கள் பக்கம் பார்த்துத்தான் பொறுக்கினார்கள். நாமும் அப்படிப் பொறுக்கக் கூடாது.

பாளையங்கோட்டை ஆய்வாளர்கள் 1995இல் எழுதிய ஒரு கட்டுரை, நெட்டிலிங்க மரத்திலும் கொடிகளிலும் பழந்தின்னி வௌவால் ஆண்கள் கூடாரம் அமைப்பதை விவரிக்கிறது. தண்டுகளையும் இலைகளையும் கடித்துக் கடித்து, வாரக்கணக்கில் குடைவார்கள். பெண்கள் வந்து தங்குவது அதற்குப் பிறகு. எங்கள் கல்லூரி வாசலிலும் நெட்டிலிங்கம் நிற்கிறது. மாலையில் கடக்கும்போது அண்ணாந்து பார்ப்பேன்.

இப்போதும் களவியல் நடத்துகிறேன். அந்த இடம் வரும்போது தயங்குவதில்லை. நாணம் என்று பலகையில் எழுதி, கீழே தொல்காப்பியம் என்றும் 1871 என்றும் எழுதுகிறேன். பிறகு மாணவிகளிடம் கேட்கிறேன்: இதை எழுதியவர்கள் யாரைப் பார்த்து எழுதினார்கள்? யாரைக் கேட்டு எழுதினார்கள்?