முளைக்காத பல்லுக்கு ஒரு ஃபார்முலா

ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு முன்பல் நெருக்கியடிச்சு முளைச்சா, பல் டாக்டர் முன்னாடி ஒரு கேள்வி நிக்கும். ஈறுக்குள்ள இருக்கிற கோரைப்பல்லும் அதுக்குப் பின்னாடி வர்ற ரெண்டு முன்கடைவாய்ப்பல்லும் வெளியே வந்தா தாடையில இடம் பத்துமா? பத்தாதுன்னு முடிவானா நல்ல பல்லையே பிடுங்க வேண்டி வரலாம். பிடுங்கின பல்லுக்கு அன்டூ கிடையாது மக்களே.

19ஆம் நூற்றாண்டுக் கடைசியில அமெரிக்காவோட ஜி.வி.பிளாக் பற்களை அளந்து சராசரி அகலங்களைப் பட்டியல் போட்டார். சராசரி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துமா என்ன? பிற்பாடு மிச்சிகன் பல்கலைக்கழகத்து ராபர்ட் மோயர்ஸ், சீக்கிரமே முளைச்சிடற கீழ்வரிசை வெட்டுப்பல் நாலையும் அளந்து மீதியை ஊகிக்க அட்டவணை குடுத்தார். 1974ல டனாகாவும் ஜான்ஸ்டனும் அந்த வேலையை மனக்கணக்காவே ஆக்கிட்டாங்க. நாலு பல் அகலத்தையும் கூட்டி, பாதியாக்கி, கீழ்த்தாடைக்கு 10.5, மேல்தாடைக்கு 11 மி.மீ. சேர்க்கணும். கூட்டுத்தொகை 23 மி.மீ.னா, கீழே ஒரு பக்கத்துக்கு 22 மி.மீ. இடம் வேணும். அவ்ளோதான்!

நம்ம மாதிரி பொட்டி தட்றவங்களுக்கு அந்த 10.5 உறுத்தும். ஹார்ட்கோட் பண்ணின எண்ணாச்சே :-) அது வந்தது அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சிகிச்சைக்கு வந்த, ஐரோப்பிய வம்சாவளி 506 பேர்கிட்டேருந்து. இட நெருக்கடியை முன்கூட்டியே பிடிக்கணும்னு, கொஞ்சம் கூட்டியே சொல்ற கணக்கு வேற. பல் அகலமோ இனத்துக்கு இனம், ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட மாறும். சின்னப் பல் உள்ளவங்ககிட்ட இதைப் போட்டா, இல்லாத நெருக்கடி இருக்கிறதாத் தெரியும்.

அதனால ஊர் ஊரா மறுபடி அளந்தாங்க. 1978ல அமெரிக்கக் கறுப்பின மக்கள், 1990களில் சவுதி, ஹாங்காங், 2000த்தில் வடகிழக்குத் தாய்லாந்து. 2010ல வெளிவந்த லூதியானா ஆய்வு, மோயர்ஸ் அட்டவணை அங்கத்திய பிள்ளைங்களுக்குச் சரியாப் பொருந்தலைன்னு சொல்லி, தனிச் சமன்பாடே போட்டது.

அதுக்காக பஞ்சாப் கணக்கு நமக்குச் சரியா வரும்னு சொல்லிட முடியுமா? நம்ம இருங்காட்டுக்கோட்டையையே எடுத்துக்கோங்க. 1998ல ஹூண்டாய் கார் இங்கே தயாராக ஆரம்பிச்சதுக்கப்புறம் கொரியாக்காரங்க வந்தாங்க, வடநாட்டுத் தொழிலாளர்கள் வந்தாங்க. அந்தப் பிள்ளைங்களும் ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளையும் ஒரே டாக்டர்கிட்ட போனா, மூணு பேருக்கும் அதே 10.5தானா?

ஃபார்முலாவைத் தூக்கிப் போடச் சொல்லலை. எக்ஸ்ரேயும் சேர்த்துப் பார்க்க வழியிருக்கு. "பல்லை எடுத்துடலாம்"னு சொன்னா மட்டும், "இது யார் வீட்டுப் பிள்ளைங்களை அளந்த கணக்கு டாக்டர்?"னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.