மூண்டு வாட்: யாழ்ப்பாணம் வீட்டுக்குள்ள மிதிச்ச சைக்கிள்

வீட்டுக்குள்ள நிண்ட இடத்தில மிதிக்கிற சைக்கிளும் றோட்டில ஓடுற சைக்கிளும் ஒண்டா? ஜிம்முக்குப் போற எங்கட நண்பர்கள் அடிக்கடி கேக்கிற கேள்வி இது. ஒரே வேகத்தில காலைச் சுத்தினாலும் உள்ளுக்க கெதியாக் களைக்குது எண்டு சொல்லுவினம். பந்தய சைக்கிள் ஓடுறவையும் இதையே கேக்கினம்: நிமிசத்துக்கு எத்தினை தரம் மிதிக்கிறம், அதில எத்தினை வாட் வலு வருது, உள்ளுக்கும் வெளியிலயும் ஏன் அது மாறுது? இதை அளக்க இப்ப விலைகூடின கருவிகள் இருக்கு.

இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தில ஒரு வரலாறும் இருக்கு. 1990க்கும் 1995க்கும் இடையில இணுவில், கோண்டாவில், உடுவில், சுன்னாகம் எண்டு வலிகாமம் முழுக்க ஆக்கள் சைக்கிளை வீட்டுக்குள்ள நிப்பாட்டி வைச்சு மிதிச்சிருக்கினம். உடம்பைக் குறைக்க இல்லை, செய்தி கேக்க. அந்த மிதிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நிண்டு போச்சு. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில பெற்றோல், பசளை, சீமெந்து, சவர்க்காரம் எண்டு நீண்ட ஒரு பட்டியல் இருந்தது. அதில பற்றறியும் ஒண்டு. மண்ணெண்ணெய் கிடைச்சாலும் வாங்கிக் கட்டாது. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் எண்ணெயும் திரியும் விட்டுச் செய்த விளக்கில ஒரு தலைமுறை படிச்சுச் சோதினை எழுதியது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மிச்ச எல்லாத்துக்கும் சைக்கிள்தான்.

கரண்டும் பற்றறியும் இல்லாட்டி றேடியோ வெறும் பெட்டி. ஆனால் அந்த நாளில செய்தி கேக்கிறது பொழுதுபோக்கு இல்லை. எங்க சண்டை, எந்தப் பாதை திறந்திருக்கு, நாளைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா எண்டதெல்லாம் செய்தியோட சேர்ந்த விசயம். லண்டனில இருந்து பிபிசி தமிழோசை, மணிலாவில இருந்து வெரித்தாஸ், அங்கால அகில இந்திய வானொலி. செத்த பற்றறியை வெயிலில காயவைச்சுக் கொஞ்ச நாள் சமாளிச்சவை. அதுவும் முடிஞ்ச பிறகு கண்ணில பட்டது சைக்கிள் டைனமோ.

போத்தல் மாதிரி இருக்கிற அந்த டைனமோ வழக்கமா 6 வோல்ற், 3 வாட். முன் லைற்றுக்கும் பின் லைற்றுக்கும் எண்டு செய்த சாமான். நாலு பற்றறி போடுற றேடியோவுக்கும் 6 வோல்ற்தான் தேவை. ஆனால் டைனமோவில வாறது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதுக்கு, பள்ளிக்கூடத்தில இருவாயி எண்டு நாங்கள் படிச்ச டயோட்டும், கொள்ளளவி எண்டு படிச்ச கப்பாசிற்றரும் வேணும். பழுதான றேடியோக்களில இருந்து அதுகளைக் கழட்டி எடுக்கலாம். பிறகு சைக்கிளை ஸ்ராண்டில ஏத்தி, பின் சில்லு நிலத்தில முட்டாமல் வைச்சு, ஏறி இருந்து மிதிக்கலாம். இல்லாட்டித் தலைகீழாக் கவிழ்த்து வைச்சுப் பெடலைக் கையால சுத்தலாம்.

இப்ப முதல் கேள்விக்கு வருவம். இந்த மிதிப்புக்கும் றோட்டு மிதிப்புக்கும் என்ன வித்தியாசம்?

வலுவைப் பாத்தால் வீட்டு மிதிப்பு ஒண்டுமே இல்லை. டைனமோ 3 வாட் தாறதுக்குக் காலில இருந்து 10 வாட் அளவில போனால் காணும். மிச்சம் உரசலிலயும் சூட்டிலயும் போயிடும். றோட்டுக்கு அது காணாது. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ எண்டு வைச்சு நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாத்தம். சமதரையில மணிக்கு 15 கிலோமீற்றரில போக ஏறக்குறைய 60 வாட் வேணும். கரியரில 100 கிலோ மூட்டை ஏத்தினால் அது 90 வாட்டைத் தொடும். குடாநாட்டில மலை இல்லை, எங்கட மலை காத்துத்தான். சோளகம் வீசுற மாதங்களில இணுவிலில இருந்து காங்கேசன்துறை வீதியால தெற்க ரவுனுக்குப் போறவைக்கு அது தெரியும். காத்தும் மணிக்கு 15 கிலோமீற்றரில நேரெதிரா அடிச்சால், மூட்டை இல்லாமலே தேவைப்படுற வலு இரண்டு மடங்கைத் தாண்டும்.

அப்ப வீட்டில மிதிக்கிறது லேசு எண்டு நினைக்கலாம். சிக்கல் வலுவில இல்லை, வேகத்தில.

சைக்கிள் றோட்டில ஓடேக்க ஆள், சைக்கிள், மூட்டை எல்லாத்தின்ர நிறையும் சேர்ந்து அசையுது. ஒரு பெடல் மேலயும் மற்றது கீழயும் நேரா வாற கணத்தில கால் ஒண்டும் தள்ளாது. ஆனால் அந்த இயக்கசக்தி சைக்கிளை இழுத்துக்கொண்டு போகும். 90 கிலோ மணிக்கு 20 கிலோமீற்றரில போனால் அதில ஏறக்குறைய 1,400 யூல் இருக்கு. ஸ்ராண்டில நிக்கிற சைக்கிளில சுத்துறது பின் சில்லு மட்டும்தான். றிம்மும் ரயரும் 2 கிலோ எண்டு வைச்சால் அதே வேகத்தில 30 யூல்தான். காலை நிப்பாட்டினால் டைனமோவின்ர உரசல் மூண்டு நாலு செக்கனில அதைத் திண்டிடும். கால் கொஞ்சம் தளர்ந்த உடனே வோல்ற்று விழும், செய்தி வாசிக்கிறவரின்ர குரலும் விழும்.

கெதியா மிதிச்சாலும் ஆபத்து. இந்த வகை டைனமோவில லைற் எரியேக்க வோல்ற்று ஒரு அளவில நிக்கும். சின்ன றேடியோ அந்தளவு மின்னை எடுக்காது, ஒரு வாட்டும் அதுக்குத் தேவையில்லை. பாரம் குறையக் குறைய வோல்ற்று 6ஐத் தாண்டி ஏறும், றேடியோ எரிஞ்சு போகலாம். மெதுவா மிதிச்சால் செய்தி இல்லை. கெதியா மிதிச்சால் றேடியோவே இல்லை. பழைய றலி, லுமாலா சைக்கிளில நிமிசத்துக்கு 60 தரம் மிதிச்சால் சில்லின்ர வேகம் மணிக்கு 19 கிலோமீற்றர் அளவில வரும். அந்த அளவைச் சுத்தித்தான், கூடாமல் குறையாமல், செய்தி முடியும்வரைக்கும் கால் ஓடோணும்.

றோட்டில ஆரும் அப்பிடி மிதிக்கிறேல்லை. காத்துக்குக் குனிவம், ஒழுங்கையில தளர்த்துவம், கொஞ்சத் தூரம் மிதிக்காமலே உருள விடுவம். வீட்டில அந்த ஓய்வு இல்லை. காத்தும் இல்லை. மனுச உடம்பு சைக்கிள் மிதிக்கேக்க செலவழிக்கிற சக்தியில கால்வாசிக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகுது, மிச்சம் சூடு. றோட்டில முகத்தில அடிக்கிற காத்து அந்தச் சூட்டைக் கொண்டுபோகும். ஜிம்மில கடுமையா மிதிக்கிறவைக்கு உள்ளுக்க கெதியாக் களைக்கிறதுக்கு முக்கியமான காரணம் இதுதான். 10 வாட்டில அந்தளவு சூடு வராது. ஆனாலும் எப்ப குண்டு விழும் எண்டு தெரியாத இரவில, கதவைச் சாத்தின அறைக்குள்ள, விளக்குப் புகைக்கு நடுவில இருந்து மிதிக்கிறதை லேசான வேலை எண்டு எங்களால சொல்லேலாது.

உலகத்தில முதல்முதலா றேடியோவுக்கு மிதிச்சது நாங்கள் இல்லை. 1929இல் அவுஸ்திரேலியாவின்ர உட்பகுதியில அல்பிரட் றேகர் எண்ட பொறியியலாளர் செய்த பெடல் வானொலி ஒரு மாட்டுப் பண்ணையில பொருத்தப்பட்டது. பக்கத்து ஊரே நூறு கிலோமீற்றருக்கு அங்கால இருக்கிற வீடுகள் காலால மிதிச்சு, பறக்கும் வைத்தியரைக் கூப்பிட அது உதவியது. அங்க மிதிக்க வைச்சது தூரம். எங்களுக்குத் தூரம் ஒரு பிரச்சினை இல்லை. சுன்னாகம் மின்நிலையம் இணுவிலில இருந்து ஒரு சைக்கிள் ஓட்டத் தூரம். இங்க மிதிக்க வைச்சது ஒரு தடைப் பட்டியல்.

இந்தக் கதையை எங்கட ஊரில சொல்லேக்க ஒரு பெருமை வரும். "கஸ்ரத்துக்கையும் கண்டுபிடிச்சம்" எண்டு முடிப்பினம். அந்தப் பெருமை நியாயமானது, அதை ஆரும் பறிக்கக் கூடாது. எங்களுக்கு உறுத்துறது வேற ஒண்டு. கண்டுபிடிப்பு எண்டு சொன்ன உடனே மிதிச்ச கால் மறைஞ்சு போகுது. சாமானைக் கழட்டிப் பொருத்தினவரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு இரவும் ஏறி இருந்து மிதிச்சது ஆர்? எங்கட வீடுகளில கேட்டால் பெரும்பாலும் வாற பதில் "பொடியள்" எண்டதுதான். பகல் முழுக்கத் தோட்டத்து மரக்கறியை மருதனார்மடத்துக்கும் திருநெல்வேலிக்கும் ஏத்தின சைக்கிளில, கிளாலி வரைக்கும் முப்பது கிலோமீற்றருக்கு மேல ஓடின சைக்கிளில, இரவு பெடல் எட்டியும் எட்டாத கால்கள்.

யுத்த வரலாறு எழுதுறவை சண்டைகளையும் திகதிகளையும் எழுதினம். தடையைப் பற்றி எழுதினால் விலைப் பட்டியலோட நிண்டுடும். தடையை வாட்டிலயும் அளக்கலாம். இண்டைக்கு எங்கட அறையில எரியிற ஒரு எல்இடி பல்ப் 9 வாட். அதுக்கு மூண்டு டைனமோ வேணும், மூண்டு பேர் மிதிக்கோணும். ஒரு வீட்டுக்கு உலகத்தோட இருந்த தொடர்பு அதில மூண்டிலொரு பங்கு, அதுவும் ஒரு பிள்ளையின்ர கால் ஓடுற வரைக்கும்தான்.

1995 ஒக்ரோபர் 30 அண்டைக்கு வலிகாமம் வெளிக்கிட்டது. லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்குப் போனது. அந்த நெரிசலில சைக்கிளை ஓடேலாது, உருட்டத்தான் ஏலும். கரியரில அரிசி, பாரில பிள்ளை, ஹாண்டிலில பை. வீட்டுக்குள்ள ஓடாமல் மிதிச்ச சைக்கிளை றோட்டில மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போனவை.

அந்தக் கால்களுக்கு இப்ப நாப்பது, நாப்பத்தைஞ்சு வயசு. அம்மா, அப்பா, சித்தப்பா, மாமி எண்டு எங்கட வீட்டிலதான் இருக்கினம். "அந்தக் காலம் எப்பிடி இருந்தது?" எண்டு கேட்டால் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான் திரும்ப வரும். அப்பிடிக் கேக்காதேங்கோ. எந்தச் சைக்கிள், எந்த அறை, கையாலயா காலாலயா, குரல் விழேக்க ஆர் பேசினது, களைச்சால் ஆர் மாறினது எண்டு கேளுங்கோ. சொல்றதை எழுதி வையுங்கோ.