எல்லைக்கோட்டின் இருபுறமும் அடிமுறை

கையாலும் காலாலும் பொருதும் கிக்பாக்சிங் என்னும் ஆட்டம் ஜப்பானில் 1960-ஐ ஒட்டி உருப்பெற்றது. அதற்கு நெடுங்காலம் முன்னரே பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் வெறுங்கையும் உதையுமே படைக்கலமாக அடிமுறை வழங்கிவந்தது. அகத்தியரை முதலாசானாகப் போற்றும் மரபு இது. சுவடுகள் பயின்று தேறிய சீடனுக்கே ஆசான் வர்மம் உரைப்பார். உடம்பில் வர்மங்கள் 108 என்பது அவர்தம் கணக்கு. அடிக்கக் கற்றவன் அடிபட்டு வீழ்ந்தவனை எழுப்பவும் கற்றல் வேண்டும். ஆதலின் ஆசானே வைத்தியருமானார். தகுதி காணாது எவர்க்கும் அவர் உரைப்பதில்லை. தக்க சீடனைப் பெறாத ஆசானோடு வித்தையும் மறைந்தது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. தமிழர் வேண்டிய நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்தில் நின்றது. ஒரே மரபு எல்லைக்கோட்டின் இருபுறமும் ஆயிற்று. வர்மச் சுவடிகள் தமிழ்ச் செய்யுளில் உள்ளன. பள்ளியில் மலையாளம் பயிலும் சீடனுக்கு அவற்றின் பொருளை ஆசானின் நாவே திறந்து காட்டல் வேண்டும்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இந்நிலை புதிதன்று. பட்டமும் பரிசும் நாடாது அவ்வாசான்கள் கற்பித்தனர். தமிழ் பயிலாத நம் பிள்ளைகளுக்கு நாம் ஆற்ற வேண்டிய பணியும் அதுவேயன்றோ?