ஒற்றுமையின் பெயரால்: 1949, 1969, 1977

"ஓட்டெடுப்பு வேணாம் தோழர், அமைப்பு ஒடஞ்சிரும்."

சில வருஷங்களுக்கு முன் தர்மபுரியில், நான் இருந்த ஒரு சிறு அமைப்பின் கூட்டத்தில் கேட்ட வாக்கியம் இது. மாவட்டப் பொறுப்புக்கு இரண்டு பெயர்கள் வந்திருந்தன. ஒருவர் ஊர்க்காரர், இன்னொருவர் காலனியிலிருந்து வந்தவர். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமான ஆதரவு. யாரையும் யாரும் இழிவாகப் பேசவில்லை. எல்லோரும் ஒற்றுமையைப் பற்றித்தான் பேசினார்கள். மதியத்துக்குள் காலனித் தோழர் தானாகவே விலகிக்கொண்டார். தீர்மான நோட்டில் 'ஏகமனதாக' என்று எழுதியது நான்தான். அந்தச் சொல்லை எழுதிய கை சும்மா இருக்க விடாததால்தான் இந்தக் கட்டுரை.

கட்சி ஒற்றுமை என்கிற சொல்லாடல் மிக நிர்வாணமாகத் தெரியும் இடம் குடியரசுத் தலைவர் தேர்தல். காரணம் எளிமையானது. அங்கே வாக்கு ரகசியமானது, கொறடா உத்தரவுக்கு இடமில்லை. சட்டசபையில் கைதூக்க வைக்கலாம், இங்கே முடியாது. ஆகவே கட்சி தன் உறுப்பினனிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது, மிரட்ட வேண்டியிருக்கிறது, அல்லது விஷயத்தை வாக்குப் பெட்டி வரை போகவிடாமல் அறைக்குள்ளேயே முடித்துவிட வேண்டியிருக்கிறது.

அறைக்குள் முடித்த கதையின் நாயகர் நம்ம பக்கத்துக்காரர். ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி. (தொரப்பள்ளி அப்போது சேலம் ஜில்லா, 1965இலிருந்து தர்மபுரி மாவட்டம், 2004க்குப் பிறகு கிருஷ்ணகிரி.) 1948 ஜூனிலிருந்து அவர் கவர்னர் ஜெனரல். குடியரசு ஆகும்போது அவரே முதல் குடியரசுத் தலைவராகட்டும் என்பது நேருவின் விருப்பம். 1949 செப்டம்பரில் நேரு ராஜேந்திர பிரசாத்துக்கு இதுபற்றிக் கடிதமும் எழுதிப் பார்த்தார். பிரசாத் விட்டுக்கொடுக்கவில்லை. அக்டோபரில், அரசியல் நிர்ணய சபையின் காங்கிரஸ் உறுப்பினர்கள் கூடிய கூட்டத்தில் நேரு இந்தப் பேச்சை எடுத்தபோது எதிர்ப்பு வெடித்தது. 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை எதிர்த்து விலகிப் போனவரா முதல் தலைவர்? படேலும் பிரசாத் பக்கம் நின்றார். நேரு பின்வாங்கினார். 1950 ஜனவரி 24 அன்று பிரசாத் போட்டியின்றித் தேர்வானார்.

ராஜாஜியின் அரசியலோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பின்னாளில் குலக்கல்வி கொண்டுவந்தவர் குடியரசுத் தலைவராகாமல் போனதற்கு நான் ஏன் அழ வேண்டும்? நான் கவனிப்பது வேறு. கடுமையான போட்டி ஒன்று நடந்தது, ஆனால் ஏடுகளில் போட்டியே இல்லை. ஒற்றுமை என்பது இங்கே போட்டியின் தடயத்தை அழிக்கும் வேலையைச் செய்திருக்கிறது.

ஓட்டெடுத்தால் கட்சி உடையும் என்பதும் உண்மையல்ல. தமிழ்நாட்டுக் காங்கிரசே சாட்சி. 1940இல் மாகாணக் கமிட்டித் தலைவர் தேர்தலில் ராஜாஜி ஆதரித்த சி.பி. சுப்பையாவைக் காமராஜர் 103க்கு 100 என்று ஜெயித்தார். மூணே மூணு ஓட்டு. கோஷ்டிச் சண்டை தீரவில்லைதான், கட்சி உடையவும் இல்லை. 1954இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தை 93க்கு 41 என்று வென்ற காமராஜர், தோற்றவரையே தன் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். எண்ணப்பட்ட ஓட்டு தோற்றவனுக்கு ஒரு கணக்கைத் தருகிறது: எனக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவன் சொல்லலாம். 'ஏகமனது' அந்தக் கணக்கையும் பிடுங்கிக்கொள்கிறது.

அப்படியானால் 1969இல் ஏன் உடைந்தது?

அந்த வருஷம் மே 3 அன்று ஜாகிர் உசேன் இறந்தார். ஜூலை இரண்டாவது வாரம் பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகையில் காங்கிரஸ் கமிட்டி கூடியது. வேட்பாளரை முடிவு செய்தது அந்தக் கூட்டமல்ல, ஒரு சில பேர் கொண்ட நாடாளுமன்றக் குழு. காமராஜர், மொரார்ஜி, எஸ்.கே. பாட்டீல் ஆகியோர் சஞ்சீவ ரெட்டியை முன்வைத்தார்கள். சவாணும் அவர்களோடு சேர்ந்தார். இந்திரா முன்வைத்த பெயர் ஜெகஜீவன்ராம். காந்தி நூற்றாண்டில் தாழ்த்தப்பட்ட ஒருவர் அந்த நாற்காலியில் அமரட்டும் என்பது வாதம். வாதம் தோற்றது.

இடதுசாரிகள் சொல்லிவரும் கதை இந்த இடத்தைச் சட்டென்று தாண்டி ஓடுகிறது: மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிப்பு, ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசியமயம், முற்போக்கு எதிர் பிற்போக்கு. நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். குழுவில் தோற்றபிறகு ஜெகஜீவன்ராமின் பெயரை யாரும் எங்கேயும் மறுபடி எடுக்கவில்லை. 'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்ற குரல் எழுந்தபோது அந்த மனசாட்சி வி.வி. கிரிக்காகப் பேசியது, ஜெகஜீவன்ராமுக்காக அல்ல. இத்தனைக்கும் ரெட்டியின் வேட்புமனுவில் கையெழுத்திட்டவர் இந்திரா. சிண்டிகேட்டுக்கு ரெட்டி, இந்திராவுக்குக் கிரி. பெங்களூரில் மேசைமேல் வைக்கப்பட்ட தலித் பெயர் இரண்டு பேருக்குமே பேரத்தின் ஒரு காய். அதை நகர்த்தினார்கள், எடுத்தார்கள், அவ்வளவுதான்.

மனசாட்சி வாக்குக்குச் சொல்லப்பட்ட நியாயத்திலும் தொரப்பள்ளிக்காரரின் நிழல் விழுகிறது. கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சியோடும் ஜனசங்கத்தோடும் பேசினார். அவர்களின் வேட்பாளர் சி.டி. தேஷ்முக். முதல் வாக்கு அவருக்குப் போனாலும் இரண்டாம் விருப்ப வாக்கையாவது ரெட்டிக்குத் தாருங்கள் என்பது கோரிக்கை. ஒற்றுமைக்காகக் கட்சி வேட்பாளரைக் காப்பாற்ற வெளியே போய் ஓட்டுக் கேட்டதே, ஒற்றுமையைக் குலைத்த குற்றமாக அவர்மேல் திரும்பியது. 1949இல் ராஜாஜியை விலக்கி ஒற்றுமை காத்த கட்சி, இருபது வருஷம் கழித்து அவர் கட்சியின் இரண்டாம் ஓட்டைத் தேடிப்போய் உடைந்தது!

ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு. 20ஆம் தேதி எண்ணிக்கை. முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. மாற்று வாக்குகளைச் சேர்த்தபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இரண்டாம் விருப்பம் ரெட்டிக்கே கொட்டியிருக்கிறது, ஆனாலும் எட்டவில்லை. வித்தியாசம் 14,650. அன்று ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 576. கணக்குப் போட்டால், பதின்மூன்று எம்.பி.க்கள் கிரியை விட்டு ரெட்டி பக்கம் வந்திருந்தால் முடிவே வேறு. தி.மு.க.வும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் கிரிக்குப் போட்டன. நவம்பர் 12இல் இந்திராவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். காங்கிரஸ் இரண்டானது.

உடைத்தது ஓட்டா? கட்சி பெரிதா, ஆட்சி பெரிதா என்கிற வழக்கு நேரு இறந்ததிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு தீர்ப்புத் தேதி தேவைப்பட்டது, ஜனாதிபதி தேர்தல் அதைக் கொடுத்தது. ஓட்டின்மேல் பழி போடுவது, ஜுரத்துக்காகத் தெர்மாமீட்டரைத் திட்டுவது மாதிரி. அதே 1969இல்தான் இ.க.க. (மா-லெ)யும் பிறந்தது என்பதை இந்த மாவட்டத்துத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடைந்ததெல்லாம் கெட்டது என்று அந்தப் பக்கம் யாரும் அன்று நினைக்கவில்லை.

பிளவுக்குப் பின் இந்திரா காங்கிரசின் தலைவரானார் ஜெகஜீவன்ராம். நெருக்கடி நிலையின்போதும் கூடவே இருந்தார். 1977 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். மார்ச்சில் ஜனதா ஜெயித்தது. பிரதமர் யார்? மொரார்ஜியா, ஜெகஜீவன்ராமா? புதுக் கட்சிக்கூட்டு, உடையக்கூடாது என்று வாக்கெடுப்பைத் தவிர்த்தார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயணும் கிருபளானியும் கருத்தறிந்து அறிவித்தார்கள்: மொரார்ஜி. ஜெகஜீவன்ராம் முதலில் பதவியேற்புக்கே போகவில்லை. ஜூலையில் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஒருவர் போட்டியின்றித் தேர்வானார். சஞ்சீவ ரெட்டி.

எங்கள் கூட்டத்தில் விலகிக்கொண்ட தோழர் அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அமைப்பும் உடைந்தது. காரணம் வேறு, பணக் கணக்கு. அவரைப் பாலக்கோடு பஸ்ஸில் ஒருநாள் பார்த்தேன். அன்றைக்கு ஓட்டெடுத்திருந்தால் எனக்கு எத்தனை விழுந்திருக்கும் என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை.