தேயும் ரோலரும் தேயாத கோணமும்: நீலகிரித் தேயிலை இயந்திரத்தை வைத்து கேம் செருகுநிரல்களை மதிப்பிடுதல்

குன்னூர்ப் பக்கம் சி.டி.சி. தூள் தயாரிக்கும் தொழிற்சாலை எதற்குள் நுழைந்தாலும் காதில் முதலில் விழுவது ரோலர்களின் இரைச்சல்தான். வாடவைத்த கொழுந்து இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே விழுகிறது. ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 சுற்று சுழல, மற்றது எதிர்த்திசையில் 700 சுற்று சுழல்கிறது. அந்த வேக வேறுபாட்டில் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு (crush, tear, curl; சுருக்கமாக சி.டி.சி.) மணியாகிறது. 1930 வாக்கில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய இந்த முறை, இன்று தேநீர்க் கடைத் தூளின் அடிப்படை. நீலகிரியில் சிறு விவசாயிகளின் இலையை வாங்கி அரைக்கும் தனியார் ஆலைகளும், இண்ட்கோசர்வ் இணையத்தின் கீழ் வரும் கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் பெரும்பாலும் இதை நம்பியே ஓடுகின்றன.

ரோலரின் பல் மழுங்கினால் தூளின் தரம் இறங்கும். எனவே ரோலர் கழற்றப்பட்டு, கடைசலுக்குப் போய், மில்லிங்கில் சாய்ந்த பள்ளங்களும் சேஸிங்கில் வளையப் பள்ளங்களும் மீண்டும் வெட்டப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் அதன் விட்டம் சற்றுக் குறைகிறது. ஒரே பொருள் தன் ஆயுள் முழுதும் அளவு மாறிக்கொண்டே இருக்கிறது.

கணினி வடிவமைப்பு மென்பொருளோடு ஒட்டி வேலை செய்யும் கேம் (CAM, கணினிவழி உற்பத்தி) செருகுநிரல்களை மதிப்பிட இதைவிடக் கடினமான, இதைவிட நேர்மையான சோதனைப் பொருள் தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். விற்பனையாளர் செய்துகாட்டும் சதுரக் கட்டையில் நான்கு துளை, இரண்டு குழி, ஓரத்தில் ஒரு சரிவு இருக்கும். எல்லாச் செருகுநிரலும் அதில் தேறிவிடும். வாங்குபவர் அறிய வேண்டியது, தம் பட்டறையின் தொல்லை பிடித்த ஜாப்பில் எது தேறும் என்பது.

செருகுநிரலின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். வடிவமைப்பாளர் வரைந்த முப்பரிமாண மாதிரியை வேறு கோப்பாக மாற்றாமல், அதே சன்னலுக்குள் வெட்டுப்பாதையைக் கணக்கிட்டு, இயந்திரத்துக்கான ஜி-கோடாக எழுதித் தருகிறது. சாலிட்வொர்க்ஸ் வடிவமைப்பு மென்பொருளுக்குள் இயங்கும் கேம்வொர்க்ஸ், இஸ்ரேலின் சாலிட்கேம், டென்மார்க்கில் பிறந்து 2012இல் ஆட்டோடெஸ்க்கிடம் சென்ற ஹெச்.எஸ்.எம்.வொர்க்ஸ் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. கேம்வொர்க்ஸுக்கு ஓர் இந்தியத் தொடர்பும் உண்டு. கோத்ரெஜ் குழுமத்தைச் சேர்ந்த ஜியோமெட்ரிக் நிறுவனத்தின் கையில் வளர்ந்த அது, 2017இல் ஹெச்.சி.எல். வசம் வந்தது. துளை, குழி, காடி போன்ற உறுப்புகளை மாதிரியிலிருந்து தானே கண்டுகொள்வது அதன் தனிச்சிறப்பு. சாலிட்வொர்க்ஸ் 2018 பதிப்போடு வந்த சாலிட்வொர்க்ஸ் கேமின் உள்ளே இருப்பதும் அதே இயக்கிதான்.

இந்தத் தானியங்கிக் கண்டுகொள்ளலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கோவையில் பம்பு உடல்களையும் மோட்டார் மூடிகளையும் வரிசையாக வெட்டும் பட்டறைக்கு அது நாள்தோறும் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சி.டி.சி. ரோலரில் அது கண்டுகொள்ள நடுத்துளையும் சாவிக்காடியும் மட்டுமே உண்டு. நூற்றுக்கணக்கான சாய்ந்த பள்ளங்களுக்கு உருளை சுழல, கட்டர் நகர, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இங்கேதான் விலைப்பட்டியலின் முதல் பிளவு. சாலிட்வொர்க்ஸ் கேமின் அடிப்படைப் பதிப்பு இரண்டரை அச்சு மில்லிங்கோடு நிற்கிறது. தொடர்ச்சியான நான்கச்சு வேலைக்கு முழுமையான கேம்வொர்க்ஸுக்கு ஏற வேண்டும். ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷன் மென்பொருளுக்கான இலவசத் தனிநபர் உரிமமும் 2020இல் பல்லச்சு வெட்டு, தானியங்கிக் கருவி மாற்றம் ஆகியவற்றைக் கைவிட்டது. ஆக, மலையில் ஒருவர் இலவசப் பதிப்பை வைத்துப் பழகிப் பார்த்து முடிவெடுத்தால், தமக்குத் தேவையான பகுதியைத் தொடாமலே முடிவெடுத்தவர் ஆவார்.

நான்காவது அச்சு இருக்கிறது என்ற பதிலோடும் மதிப்பீடு முடிந்துவிடாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரோலரின் விட்டம் 210 மி.மீ., அங்குலத்துக்கு 8 பல் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 659.7 மி.மீ.; அதில் 208 பள்ளங்கள் அடங்கும். தேய்ந்து தேய்ந்து விட்டம் 200 மி.மீ. ஆகும்போது சுற்றளவு 628.3 மி.மீ. பள்ளத்தின் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. பல செருகுநிரல்கள் தட்டையாக வரைந்த கோடுகளை உருளைமேல் துணி சுற்றுவதுபோல் சுற்றித் தருகின்றன. 210க்கு வரைந்த துணியை 200இன் மேல் சுற்றினால் 31.4 மி.மீ. மிஞ்சும்; ஏறக்குறைய பத்துப் பள்ளம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பழைய பல் முழுவதும் பாழ்.

சரியான விதி வேறு. பழைய பள்ளத்துக்குள்ளேயே கட்டர் இறங்க வேண்டுமானால், ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான சுழற்சிக் கோணம் மாறக் கூடாது. பள்ளம் ஒரு முழுச் சுற்றுக்கு அச்சுவழியே எவ்வளவு முன்னேறுகிறதோ அந்த நீளமும் மாறக் கூடாது. இவை இரண்டும் நிலைத்தால் சாய்வுக் கோணம் தானாகக் குறையும்: புது ரோலரில் 15 பாகை என்று கொண்டால், 200 மி.மீ.யில் அது ஏறக்குறைய 14.3 பாகை. வட்டக் கட்டரைச் சாய்த்துப் பூட்டும் இயந்திரத்தில் அந்தச் சாய்வையும் திருத்தியாக வேண்டும். மாதிரி மாறினால் வெட்டுப்பாதையும் கூடவே மாறும் என்பதுதான் செருகுநிரல்கள் தரும் முதல் வாக்குறுதி. அது சாய்வுக் கோணத்தைப் பிடித்துக்கொண்டு மாறுகிறதா, முன்னேற்றத்தைப் பிடித்துக்கொண்டு மாறுகிறதா என்று விளம்பரத் தாள் எதுவும் சொல்வதில்லை. விட்டத்தின் எண்ணை மாற்றி, பாதையை மறுபடி கணக்கிடச் சொல்லிக் கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

இன்னும் நுண்ணிய இடம் போஸ்ட் புராசசர், அதாவது செருகுநிரலின் கணக்கைக் குறிப்பிட்ட இயந்திரத்தின் பேச்சாக மாற்றும் பகுதி. 360ஐ 208ஆல் வகுத்தால் 1.730769... என்று நீளும். ஃபானுக் வகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பல, பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைதான் ஏற்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் '1.731 பாகை திரும்பு' என்று கூட்டிக்கொண்டே போகும் நிரல், 208 முறை திரும்பி முடிக்கையில் 360.048 பாகையில் நிற்கும். ரோலரின் விளிம்பில் அது 0.088 மி.மீ. தொடக்கத்திலிருந்து அளந்து '346.154 பாகைக்குப் போ' என்று ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே குறிக்கும் நிரலில் இந்தப் பிழை சேராது. மென்பொருளும் ரோலரும் ஒன்றே; போஸ்டில் ஒரு வரிதான் வேறு. செருகுநிரலின் தரத்தைப் பேசுவோர் போஸ்டைக் கடைசிப் பக்கத்தில் வைப்பது தவறு. அது முதல் பக்கத்துக்கு உரியது. அதைத் திருத்தித் தர கோவையிலோ சென்னையிலோ ஆள் உண்டா, திருத்தும் உரிமை வாங்கியவருக்கு உண்டா என்பவையும் அதோடு சேர்ந்த கேள்விகள்.

மலையின் இன்னொரு பொருளும் இதே பாடத்தை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்து, 1908இல் உதகையைத் தொட்ட மலை ரயிலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டத்தைப் பிடித்துத்தான் எஞ்சின் ஏறுகிறது. இங்குள்ள அப்ட் முறையில் இரண்டு சட்டங்களின் பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருக்கும்; எஞ்சினின் பற்சக்கரத் தட்டுகளும் அப்படியே. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் உருவான எக்ஸ் வகுப்பு எஞ்சின்களுக்குத் துணையாக, திருச்சி பொன்மலைப் பணிமனையும் புதிய எஞ்சின்களைக் கட்டித் தந்திருக்கிறது. இத்தகைய பற்சக்கரத்தைச் செருகுநிரலில் திறந்தால் தட்டு ஒவ்வொன்றும் தனித்தனியே குறையில்லாமல் வரும். இரண்டு தட்டுக்கும் இடையிலான அரைப் பல் தள்ளல்தான் உயிர்நாடி. அது தனி உறுப்பின் மாதிரியில் இல்லை, தொகுப்பு வரைபடத்தில் இருக்கிறது. தொகுப்பைத் திறந்து அதிலிருந்தே வெட்டுப்பாதை எழுத முடியாத செருகுநிரலுக்கு இந்த வேலையில் பாதி தெரியாது.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு வரலாம், வர வேண்டும். ரோலர் தீட்ட இதற்கென்றே அமைந்த மில்லிங்-சேஸிங் இயந்திரங்கள் இருக்க, கேம் எதற்கு? அன்றாடத் தீட்டலுக்கு அந்த இயந்திரமே போதும். அதை ஓட்டும் கைகளின் அனுபவத்துக்கு ஈடாகும் மென்பொருள் இல்லை. ஒரே ஒரு தொழிற்சாலையின் ரோலர்களுக்காக ஆண்டுச் சந்தா கட்டுவது வீண் செலவு. புதிய பல் வடிவத்தைச் சோதிப்பவருக்கும், பல ஆலைகளுக்குப் புதுப் பாகம் செய்து தரும் பட்டறைக்கும்தான் இந்தக் கேள்வி உண்மையாக எழுகிறது.

உரிமம் எங்கே குடியிருக்கிறது என்பதும் மலையில் சிறு கேள்வி அல்ல. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மரம் சாய்ந்து மின்சாரமும் இணையமும் அறுந்து கிடக்கும் வாரத்தில், ஜெனரேட்டரில் ஓடும் பட்டறைக்கு, மேகக் கணினியில் நுழைந்தால்தான் திறக்கும் மென்பொருள் பூட்டிய பெட்டி. 2024 நவம்பரில் 1.0 பதிப்பைத் தொட்ட கட்டற்ற வடிவமைப்பு மென்பொருளான ஃப்ரீகேட், தன் கேம் பகுதியோடு இணையமின்றி ஓடுகிறது; போஸ்ட் நிரலையும் பைத்தானில் திறந்தே வைத்திருக்கிறது. சாய்ந்த பள்ளத்துக்கு அதில் கைவேலை அதிகம்தான். ஆயினும் ஒப்பீட்டில் அதற்கும் ஓர் இடம் தர வேண்டும்.

ஆகவே செய்துகாட்ட வரும் விற்பனையாளரிடம் பாதி தேய்ந்த ஒரு பழைய ரோலர் பாகத்தைக் கொடுப்பது தகும். அளந்த விட்டத்தை மாதிரியில் இட்டு, பாதையை மறுகணக்கிட்டு, பட்டறையின் சொந்த இயந்திரத்தில் முதல் பள்ளத்தையும் 208ஆம் பள்ளத்தையும் மட்டும் வெட்டிக் காட்டச் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒற்றைப் பல்லின் அகலத்தைப் பக்கத்துப் பற்களோடு ஒப்பிட்டு அளக்க அரைமணி நேரம் போதும்.