பள்ளி மாணவர்களுக்குச் சமூக சேவை கட்டாயமா? வாரியங்களின் விதிகள் கூறுவது என்ன?

பொதுத்தேர்வில் தேர்ச்சி பெறச் சமூக சேவை அவசியமா என்ற ஐயம் பெற்றோரிடையே ஆண்டுதோறும் எழுகிறது. இதற்கு நாடு முழுமைக்குமான ஒரே விடை இல்லை. மாணவர் எந்த வாரியத்தின்கீழ் பயில்கிறார் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

கண்டிப்பான விதி ஐசிஎஸ்இ தேர்வை நடத்தும் இந்தியப் பள்ளிச் சான்றிதழ் தேர்வுகள் கவுன்சிலிடம் உள்ளது. 'சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணியும் சமூக சேவையும்' அங்கு கட்டாயப் பாடமாகும். இதற்கு வாரியத்தின் எழுத்துத் தேர்வு இல்லை. பள்ளியே மதிப்பிட்டு 'ஏ' முதல் 'இ' வரை தரநிலை வழங்குகிறது. 'இ' என்றால் தோல்வி. ஆங்கிலம் உள்பட ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற்ற மாணவருக்கும், இதில் தேர்ச்சித் தரநிலை இல்லையெனில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் கிடைக்காது.

சிபிஎஸ்இ பள்ளிகளில் நிலைமை சற்று வேறுபட்டது. 2018-19 கல்வியாண்டு முதல் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு உடல்நலம், உடற்கல்விப் பாடவேளை கட்டாயமாக்கப்பட்டது. அதன் ஒரு பிரிவே 'சேவா' எனப்படும் சமூகப் பணி. செய்த பணியை மாணவர் பதிவு செய்ய வேண்டும், ஆசிரியர் மதிப்பிடுவார். பொதுத்தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் இது சேராது.

இவ்விதிகளுக்கு நீண்ட பின்னணி உண்டு. கைத்தொழிலைக் கல்வியின் மையமாக்கிய காந்தியின் திட்டம் 1937-இல் வார்தா மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. 1964-66 கோத்தாரி ஆணையம் பணி அனுபவத்தையும் சமூக சேவையையும் கல்வியின் எல்லா நிலைகளிலும் இணைக்கப் பரிந்துரைத்தது. 'சமூகப் பயனுள்ள உற்பத்திப் பணி' என்ற பெயரை அளித்தது 1977-ஆம் ஆண்டின் ஈஸ்வர்பாய் படேல் குழு. பின்னாளில் அதன் ஆங்கிலச் சுருக்கத்துக்கு 'பயனுள்ள சில வகுப்புகள் வீண்' என்று மாணவர்களே விளக்கம் கூறிச் சிரித்தனர். அந்தக் கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. மதிப்பீடு முழுவதும் பள்ளியின் கையில் இருப்பதால், முதியோர் இல்லத்தில் வாரந்தோறும் பணியாற்றிய மாணவரும், ஒருநாள் துடைப்பத்துடன் புகைப்படம் எடுத்துக்கொண்டவரும் ஒரே தரநிலையைப் பெற்றுவிட இயலும். விதியின் உண்மையான பலவீனம் இதுவே.

வெளிநாடுகளில் மணிக்கணக்கு வெளிப்படையானது. அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணம் 75 மணி நேரச் சேவைக் கல்வியை உயர்நிலைப்பள்ளிப் பட்டத்துக்கு நிபந்தனையாக்கியுள்ளது. 1992-இல் இம்முடிவை எடுத்த முதல் மாகாணம் அதுவே. கனடாவின் ஒன்டாரியோவில் இது 40 மணி நேரம். ஊதியம் பெற்றுச் செய்யும் வேலை அங்கு கணக்கில் சேராது.

இந்தியாவில் இத்தகைய மணிக்கணக்கு தெளிவாக இருப்பது நாட்டு நலப்பணித் திட்டமான என்எஸ்எஸ்ஸில்தான். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய இத்திட்டம், பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். ஆயினும் இதில் சேர்வது மாணவரின் விருப்பமே. கேரளத்தில் மேல்நிலைத் தேர்வில் என்எஸ்எஸ் தொண்டர்களுக்குக் கருணை மதிப்பெண் வழங்கும் நடைமுறை உண்டு.

ஐசிஎஸ்இ, சிபிஎஸ்இ மாணவர்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பணியின் தேதி, இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்து ஆசிரியரின் கையொப்பம் பெற்றுவருவது நல்லது. பள்ளி மாற நேர்ந்தால் கையில் இருக்கும் சான்று அதுதான். என்எஸ்எஸ்ஸில் சேர விரும்புவோர் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பெயர் பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் சேர்பவருக்குப் பள்ளிப் பருவத்துக்குள் 240 மணி நேரத்தை நிறைவு செய்ய அவகாசம் இராது.