ஓராண்டுக்குப் பின் கேட்க வேண்டிய கேள்வி

மேசை விளிம்பை இடக்கையால் பற்றிக்கொண்டு இடுப்பளவில் குனிந்து, வலக்கையைக் கிணற்றில் இறக்கிய கயிறுபோலத் தொங்கவிட வேண்டும். உடலை மெல்ல அசைத்தால் கை தானாக ஆடும். கையை நாம் ஆட்டக் கூடாது. தோளில் அறுந்த தசைநாணைத் தைத்துக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லித்தரப்படும் பயிற்சி இதுதான். சென்ற கார்த்திகையில் தில்லியில் எனக்கும் சொல்லித்தந்தார்கள். கையில் கொடுத்த தாளில் பயிற்சியின் பெயர் 'காட்மன்' என்று இருந்தது. அது ஓர் ஆளின் பெயர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஸ்லிங்கில் கிடந்த வாரங்களில் ஒரு கையால் புரட்டக்கூடியவற்றையெல்லாம் புரட்டித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எர்னஸ்ட் அமோரி காட்மன் 1869இல் பாஸ்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் பயின்றவர். மாணவராக இருக்கும்போதே, பின்னாளில் மூளை அறுவையில் புகழ்பெற்ற ஹார்வி குஷிங்கும் இவரும், ஈதர் கொடுக்கப்பட்ட நோயாளியின் நாடித்துடிப்பை அறுவையின்போதே குறித்துவைக்கும் அட்டவணையைத் தொடங்கினார்கள். குறித்துவைக்கும் அந்தப் பழக்கந்தான் பிறகு அவரை வாழ்நாள் முழுதும் அலைக்கழித்தது.

1909இல் அவர் தோளின் மேற்புறத் தசைநாண் அறுந்த ஒருவருக்கு அதைத் தைத்தார். 1911இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். உலகிலேயே முதன்முறை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று; ஜெர்மன் மருத்துவர்கள் அதற்கு முன்பே முயன்றிருக்கிறார்கள். காட்மனின் தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது. அறுவை முடிந்து வீடு சென்ற நோயாளியை ஓராண்டு கழித்துத் தேடிப்பிடித்து, 'குணமானதா? ஆகவில்லையெனில் ஏன்?' என்று கேட்க வேண்டும். விடையை அட்டையில் எழுதி, பிழை எவருடையது என்பதையும் குறிக்க வேண்டும். அதை ஊரறியச் சொல்லவும் வேண்டும் என்றார் அவர். 'இறுதி விளைவு' என்பது அவர் இதற்கு இட்ட பெயர்.

இன்று இது எளிய கோரிக்கையாகத் தெரியலாம். அன்று மருத்துவமனைகளில் பதவி உயர்வு வயது மூப்பின்படி வந்தது. யார் கையில் நோயாளி பிழைத்தார் என்பது கணக்கில் இல்லை. காட்மன் 1914இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பதவியைத் துறந்தார். பிறகு தம் விளைவுகள் மற்றவர்களுடையவற்றைவிட மேலானவை என்ற காரணத்தைக் காட்டித் தலைமை அறுவை மருத்துவர் பதவிக்கே விண்ணப்பித்தார். 1915 ஜனவரியில், தாம் தலைமை வகித்த மருத்துவர் கூட்டமொன்றில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்துவைத்தார். நம் கதைகளில் பொன்முட்டையிடுவது வாத்து. அவர் படத்தில் அது நெருப்புக்கோழி. மண்ணுக்குள் தலையைப் புதைத்தபடி, பாஸ்டனின் செல்வர் கூட்டமான அந்தப் பறவை மருத்துவர்களுக்குப் பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. அரங்கில் ஒரே கூச்சல். தலைவர் பொறுப்பு போயிற்று; ஹார்வர்டின் ஆசிரியப் பணியும் போயிற்று.

தாமே தொடங்கியிருந்த சிறு மருத்துவமனையிலும் இதையே செய்தார். 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 பேரின் கணக்கில் 123 பிழைகளை அச்சிட்டு வெளியிட்டார். பிறர் பிழையைக் கேட்பவன் தன் பிழையை அச்சேற்றுவது அரிது. அவருடைய செருக்கைக்கூட இந்தக் காரணத்தால் மன்னிக்கத் தோன்றுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு 1934இல் 'தி ஷோல்டர்' என்னும் நூலைத் தாமே வெளியிட்டார். தன்வரலாற்றையும் அதற்குள் சேர்த்துக்கொண்டார். 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் பெயர் அந்த நூலில் பிறந்ததுதான். குனிந்து கையைத் தொங்கவிடும் பயிற்சியின் நுட்பமும் அதில் உண்டு. நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினால், தைத்த தசைநாணே சுமையை இழுக்க வேண்டும். குனிந்தால் புவியீர்ப்பே கையை உடலிலிருந்து விலக்கி முன்னே கொண்டுவருகிறது. தையல் ஓய்வெடுக்க, மூட்டு அசைகிறது.

ஓய்வா அசைவா என்பது அதற்கு முன்பே நடந்த பெரிய வழக்கு. லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ், இடையறாத நீண்ட ஓய்வே மருந்து என்றார். பிரான்சின் லூக்கா ஷாம்பியோனியேர் முறிந்த எலும்பைக்கூட விரைவில் அசைக்கச் சொன்னார். தோளைப் பொறுத்தவரை இருவருமே பாதி சரி. முதல் வாரங்களில் தாமஸ் சொல் கேட்காவிட்டால் தையல் பிரியும். பிறகு ஷாம்பியோனியேர் சொல் கேட்காவிட்டால் மூட்டு இறுகும்.

நான் இரண்டாவது பிழையைச் செய்தவன். ஒன்பதாம் வாரம் வலி குறைந்தது. கட்டுரை ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. பயிற்சி ஒருநாள் விட்டது, பிறகு ஒரு மாதமே விட்டது. பங்குனியில் நூலக அடுக்கின் இரண்டாம் தட்டுக்கு மேல் கை போகவில்லை. அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து அதுவரை ஒரு தொலைபேசி அழைப்புகூட வந்ததில்லை. அவர்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு கேள்வி. காட்மனின் அட்டையில் என் பெயர் இருந்திருந்தால் 'பிழை: நோயாளியுடையது' என்றே எழுதியிருப்பார்.

மீண்டும் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். இளம்போலியோ பரவியபோது பிள்ளைகளை நடக்கவைக்க ஆளில்லாமல், 1950களின் தொடக்கத்தில் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவன உதவியோடு தொடங்கிய பள்ளியிலிருந்து நம் நாட்டில் வேரூன்றிய தொழில் அது. கொல்லத்திலிருந்து வந்த அந்தப் பெண் கோணமானியை வைத்து அளந்தார். "சார், 95. போன தடவை 120 இருந்துச்சு" என்றார், மலையாளம் கலந்த தமிழில். திட்டவில்லை, அதுதான் தைத்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, முதல் பக்கத்தில் தேதியும் 95 என்ற எண்ணும் எழுதிக் கொடுத்தார்.

அன்றுமுதல் நாளுக்கு மூன்று வேளை. கதவில் கட்டிய கயிறு, சுவரில் விரல்களால் ஏறுதல், துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுத்தல். இவற்றில் சொல்லத்தக்க சுவை எதுவும் இல்லை. சில வாரங்களில் எண் நகரவே நகராது. ஆடி முடிவில் 150ஐத் தொட்டது. சட்டையைத் தலைவழியே கழற்ற முடிகிறது; மேல்தட்டுக்கு இன்னும் முக்காலி தேவைப்படுகிறது.

காட்மன் 1940இல் இறந்தார். கேம்பிரிட்ஜின் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைந்த இடத்துக்கு 2014இல்தான் பெயர் பொறித்த கல் நட்டார்கள்.

வரும் கார்த்திகையில் எனக்கு ஓராண்டு நிறைகிறது. யாரும் கேட்கப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தை நிரப்பி, படி ஒன்றை மருத்துவமனைக்கு நானே அஞ்சலில் அனுப்புவதாக இருக்கிறேன். விட்டுப்போன அந்த ஒரு மாதத்தையும் மறைக்காமல் எழுதி.